பைப்பு யாரோடது? வாசகர் கேள்வி, தண்ணிக்காரர் பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல தண்ணி பிரச்சன தான், அதுவும் கோல சிலாங்கூர் வட்டாரத்துல ஒரே டவுன சுத்தி இருக்கிற தாமான் (வீடமைப்புப் பகுதி), தோட்டம், கம்பத்துல (கிராமத்துல) இருந்து வந்தது. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த, நான் 31 வருஷம் பைப்பு வேலை பார்த்து பென்சன் வாங்கினவன், அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டினவங்க, லயத்துக்கு நடுவுல இருந்த ஒரே ஒரு பொது பைப்புல வாளி வரிசையில நின்னு வளர்ந்தேன். காலையில நாலு மணிக்கு அம்மா எழுந்து டிரம்ம ரொப்பிட்டு தான் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு பேர் கூப்பிடுற எடத்துக்கு, போவாங்க, அஞ்சு மணிக்கு மேல பைப்புல காத்து தான் வரும். அதனால யாராவது தண்ணி வரலன்னு எழுதினா என்னால சாதாரணமா படிச்சிட்டு போக முடியாது.

கேள்வி: ஐயா, எங்க தாமான்ல 300 வீடு, முன்ன தோட்டமா இருந்த இடம். சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஒம்பது மணி வரைக்கும் மாடிக்கு சொட்டு தண்ணி ஏறாது, ராத்திரி பதினொரு மணிக்கு மேல நல்லா பாயுது. ரெண்டு தேர்தலா புது டேங்க் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. மஜ்லிஸ் டேராவுல (மாவட்ட மன்றத்துல) போய் கேட்டா இது எங்க வேலை இல்லைங்கிறாங்க. உண்மையில இந்த டேங்க்குக்கு யாரு காசு போடணும்? எங்க போய் கேக்கணும்?

பதில்: தங்கச்சி, மஜ்லிஸ்ல சொன்னது தட்டிக்கழிக்கிற மாதிரி இருக்கும், ஆனா அது உண்மை. நம்ம மலேசியாவுல குப்ப, கான் (சாக்கட), ரோட்டு வெளக்கு இதெல்லாம் மஜ்லிஸ், தண்ணி அவங்க கையில இல்ல. முன்ன தண்ணி முழுக்க மாநிலத்தோட விஷயமா இருந்துச்சு. 2005-ல அரசியல் சட்டத்த திருத்தி தீபகற்பத்துலயும் லாபுவான்லயும் தண்ணி விநியோகத்த மத்திய அரசும் மாநிலமும் சேந்து பாக்குற பட்டியலுக்கு கொண்டு வந்தாங்க. ஆறு, அணை, ஆத்துல ஓடுற பச்ச தண்ணி மட்டும் இன்னும் மாநிலத்துக்கு தான் சொந்தம். அடுத்த வருஷம் 2006-ல தண்ணிச் சேவை சட்டம் வந்துச்சு, கூடவே தண்ணி கம்பெனிங்கள கண்காணிக்கிற, ஸ்பான்னு சொல்ற தேசிய தண்ணிச் சேவை ஆணையத்துக்கான சட்டமும் வந்துச்சு.

காசு வர்ற வழி இப்படி. நிதி அமைச்சுக்கு கீழ பாஆப்-னு ஒரு அரசாங்க கம்பெனி இருக்கு, பெங்குருசான் அசெட் ஆயர் பெர்ஹாட், அதையும் 2006-ல தான் ஆரம்பிச்சாங்க. அது சந்தையில பெரிய தொகையா குறஞ்ச வட்டிக்கு கடன் எடுத்து சுத்திகரிப்பு ஆலை, டேங்க், பெரிய பைப்பு எல்லாம் கட்டும், கட்டினத மாநிலத்துல தண்ணி விநியோகம் பண்ற கம்பெனிக்கு வாடகைக்கு விடும், குத்தக 45 வருஷம் வரைக்கும் கூட போகலாம். கம்பெனி உங்க தண்ணி பில்லுல வர்ற காசுல இருந்து அந்த வாடகைய கட்டும். அப்ப கடைசியில டேங்க்குக்கு காசு போடுறது யாருன்னு கேட்டா, மாசா மாசம் பில்லு கட்டுற நீங்களும் நானும் தான், வருஷக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா. சில உள்ளூர் வேலைக்கு மத்திய அரசு நேரடி மானியமும் குடுக்கும், அதுக்கு கம்பெனியும் மாநிலமும் பட்ஜெட்டுக்கு முன்னாடியே பேப்பர் போட்டிருக்கணும். ஒய்பி (நம்ம ஓட்டு போட்டு அனுப்பின மக்கள் பிரதிநிதி) வந்து மேடையில சொல்றது நல்ல மனசோட சொல்றதா கூட இருக்கலாம், ஆனா கம்பெனியோட வேலைத் திட்டத்துல உங்க தாமான் பேரு ஒரு வரியா ஏறி அதுக்கு பக்கத்துல வருஷம் போட்டிருந்தா தான் அது திட்டம், இல்லன்னா அது பேச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், உங்களுக்கு உண்மையிலயே புது டேங்க் தான் வேணுமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. உங்க கடிதத்துல ஒரு வரி என் கண்ணுல பட்டுச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல மாடியில தண்ணி நல்லா பாயுதுன்னு எழுதியிருக்கீங்க. டேங்க்ல தண்ணி இல்லன்னா ராத்திரியும் வராது, அப்ப டேங்க்ல தண்ணி இருக்கு, வர்ற வழி தான் பத்தல. டேங்க் வீட்ட விட 10 மீட்டர் ஒசரத்துல இருந்தா 1 பார் அழுத்தம், 20 மீட்டர்னா 2 பார், இது யாரும் திறக்காம சும்மா இருக்கும் போது உள்ள கணக்கு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல குளிக்க, சமைக்க, துணி போட ஆரம்பிச்சா பைப்புக்குள்ள தண்ணி வேகமா ஓடும், வேகமா ஓடும் போது பைப்பு சுவத்துல உரசி அழுத்தம் போயிடும், சின்ன பைப்பா இருந்தா அந்த நஷ்டம் ரொம்ப அதிகம். உங்க தாமானுக்கு வர்ற பைப்பு தோட்டக் காலத்துல நாப்பது அம்பது லய வீட்டுக்கு போட்ட 4 இன்ச் பைப்பா இருந்தா ஆச்சரியப்பட மாட்டேன். அதையே 6 இன்ச்சா மாத்தினா ஒன்றரை மடங்கு தண்ணி தான் கூடும்னு நெனப்பாங்க, அது தப்பு, அதே அழுத்தத்துல கிட்டத்தட்ட மூணு மடங்கு தண்ணி போகும். நான் வேலையில இருந்தப்ப டேங்க் கட்டி ரிப்பன் வெட்டி முடிச்ச பொறவும் சாயங்காலம் தண்ணி வராத தாமான பார்த்திருக்கேன், டேங்க் வாசல்ல இருந்து தாமான் வரைக்கும் பழைய பைப்பு அப்படியே கெடந்துச்சு.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. 300 வீடு, வீட்டுக்கு அஞ்சு பேரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர், நம்ம நாட்டுல அதுக்கு மேலயே செலவு பண்றாங்க. மொத்தம் 300,000 லிட்டர், அதாவது 300 கன மீட்டர். வழியில மூணுல ஒரு பங்கு ஒழுகிப் போச்சுன்னா அந்த 300 வீட்டுக்கு வர டேங்க்ல இருந்து 450 அனுப்பணும். ஒழுகுற 150-க்காக டேங்க்க பெருசாக்குறதா, இல்ல ஒழுகல அடச்சிட்டு இருக்கிற டேங்க்லயே சமாளிக்கிறதா? திட்டம் போடுறவங்க முதல்ல இத பாக்கணும். ஒழுகல நிறுத்துறது தான் ரொம்ப மலிவான புதுத் தண்ணி, ஆனா அதுக்கு திறப்பு விழா கெடையாது, அதனால யாரும் ஆசப்பட்டு செய்யிறதில்ல.

நீங்க செய்ய வேண்டியது, தாமான் சங்கம் பேருல தண்ணி கம்பெனிக்கு ஒரு கடிதம். அதுல டேங்க் வேணும்னு எழுதாதீங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க தாமான் நுழைவுல அழுத்தம் எவ்வளவு, வர்ற பைப்பு எத்தன இன்ச், எந்த வருஷம் போட்டது, என்ன வகை, பைப்பு மாத்துற திட்டத்துல எங்க தாமான் எந்த வருஷம் இருக்கு, இந்த அஞ்சையும் கேளுங்க. ஒரு காப்பி ஸ்பானுக்கு, ஒரு காப்பி ஒய்பிக்கு. அழுத்தத்த அளந்து எழுதி குடுக்க சொன்னா அந்த பேப்பர் ஒரு ஃபைல்ல இருக்கும், ஃபைல்ல இருக்கிறத அடுத்த ஆபீசர் வந்தாலும் பாக்கணும்.

கேள்வி: அண்ணே, நான் இன்னும் லயத்துல தான் இருக்கேன், வீட்டுக்காரர் செம்பனையில வேலை பாக்குறாரு. தோட்டத்துக்கு வெளிய ரோட்டோரத்துல ஒரே ஒரு பெரிய மீட்டர், அதுல இருந்து உள்ள வர்ற பைப்பு துருப்புடிச்சு தண்ணி செவப்பா வருது. தண்ணி ஆபீசுக்கு போன் அடிச்சா தோட்டத்த கேளுங்கிறாங்க, தோட்டத்து ஆபீஸ்ல மானேஜர் தண்ணி ஆபீச கேளுங்கிறாரு. தோட்டம் வேற கம்பெனிக்கு கை மாறப் போகுதுன்னும் பேசிக்கிறாங்க. புள்ளைங்க யூனிஃபார்ம் எல்லாம் மஞ்சளா போச்சு.

பதில்: அம்மா, உங்க கடிதத்துக்கு தான் இந்த தலைப்ப போட்டேன். பைப்பு யாரோடது, இந்த ஒரு கேள்விக்கு பதில் கெடச்சா பாதி பிரச்சன முடிஞ்சிடும்.

சட்டப்படி மீட்டர் வரைக்கும் இருக்கிற பைப்பு தண்ணி கம்பெனியோடது, மீட்டருக்கு உள்ள இருக்கிறது இடத்துக்காரரோடது. உங்க தோட்டத்துக்கு தாய் மீட்டர் ஒன்னு தான், அது ரோட்டோரத்துல இருக்கு, அப்ப அங்க இருந்து உங்க வாசல் வரைக்கும் அது ஒரு கிலோமீட்டரா இருந்தாலும் ரெண்டு கிலோமீட்டரா இருந்தாலும் தோட்டத்து நிர்வாகத்தோட பைப்பு. தண்ணி ஆபீஸ்ல சொன்னது சரி. மானேஜர் சொன்னது சரி இல்ல.

இதுக்கு தனியா சட்டமே இருக்கு. 1990-ல வந்த சட்டம் 446, தொழிலாளிங்க வீட்டு வசதிக்கான குறஞ்சபட்ச தரம். அதுல தோட்டத்துல வீடு குடுத்தா பைப்புத் தண்ணி இலவசமாவும் போதுமான அளவுலயும் குடுக்கிறது மொதலாளி கடமைன்னு இருக்கு. அது தொழிலாளிக்கு காட்டுற தயவு இல்லம்மா. இத யாரு பாப்பாங்கன்னா லேபர் ஆபீஸ், ஜபத்தான் தெனாகா கெர்ஜா. யூனியன்ல உறுப்பினரா இருந்தா கமிட்டி தலைவர் மூலமா எழுத்துல குடுங்க, இல்லன்னா நேரா போங்க. வெறும் கையோட போகாதீங்க. ஒரு வெள்ள துணிய பைப்பு வாயில கட்டி ஒரு ராத்திரி விடுங்க, காலையில அந்த துணிய அப்படியே காய வச்சு தேதி எழுதி எடுத்துட்டு போங்க, கண்ணாடி பாட்டில்ல மொத தண்ணியும் பத்து நிமிஷம் ஓடின பொறவு ஒரு தண்ணியும் புடிச்சுக்கோங்க. மொத பாட்டில் செவப்பா ரெண்டாவது தெளிவா இருந்தா துரு உங்க வீட்டு கிட்ட உள்ள பைப்புல, ரெண்டுமே செவப்புன்னா கோளாறு தூரத்துல இருக்கு. பழைய இரும்பு பைப்புக்குள்ள துரு பாசி மாதிரி படிஞ்சு கெடக்கும், தண்ணி நின்னு மறுபடி வரும் போதும் திச மாறி ஓடும் போதும் அது கலங்கி வரும், அதனால தான் தண்ணி வெட்டு முடிஞ்ச மறு நாளு ரொம்ப மோசமா இருக்கும்.

தோட்டம் கை மாறுறத பத்தி சொன்னீங்க, அது தான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. தோட்டம் துண்டு துண்டா வித்த காலத்துல இருந்து நான் பாக்குறேன், நிலத்துக்கு விலை பேசுவாங்க, மரத்துக்கு விலை பேசுவாங்க, மண்ணுக்குள்ள இருக்கிற பைப்ப யாரும் பேச மாட்டாங்க. பழைய நிர்வாகம் போயிடும், புது கம்பெனி எங்க கிட்ட ஒப்படைக்கலன்னு சொல்லும், நடுவுல நாப்பது குடும்பம் யாருக்கும் சொந்தமில்லாத பைப்புல தண்ணி குடிச்சிட்டு இருக்கும். எனக்கு தெரிஞ்ச ஒரு தோட்டத்துல தாய் மீட்டர் பில்லு பாக்கி நின்னு போய் வெட்டிட்டாங்க, மாசா மாசம் சம்பளத்துக்கு உழைச்ச சனம் லோரி தண்ணிக்கு வரிசை நின்னுச்சு. அதனால கை மாறுறதுக்கு முன்னாடியே எல்லா குடும்பமும் கையெழுத்து போட்டு கேளுங்க, உள் பைப்ப புது முதலாளி எடுத்துக்கிறாரா, இல்ல வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வச்சு பைப்ப தரத்துக்கு மாத்தி தண்ணி கம்பெனி கிட்ட ஒப்படைக்கிறாங்களா, செலவு யாரோடது, எழுத்துல குடுங்கன்னு. கை மாறின பொறவு கேட்டா கேக்க ஆளு இருக்காது.

கேள்வி: பில்லு ஏத்திட்டாங்க. பைப்புல போற தண்ணில மூணுல ஒன்னு மண்ணுக்குள்ள போகுதுன்னு அவங்களே சொல்றாங்க. ஒழுகுற தண்ணிக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? நான் வேலை ஓஞ்ச கிராணி, பென்சன்ல வாழுறேன்.

பதில்: ஐயா, உங்க கோவம் நியாயமானது தான். 2022-ல நாடு முழுக்க சராசரியா 37 விழுக்காடு கிட்ட வருமானம் இல்லாத தண்ணியா, அதாவது அனுப்பியும் பில்லு காசு வராத தண்ணியா போச்சு. சிலாங்கூர், பினாங்கு, ஜொகூர் மாதிரி மாநிலத்துல 30-க்கு கீழ, பெர்லிஸ், கிளந்தான் பக்கம் பாதிக்கு மேல. அதுல எல்லாமே ஒழுகல் இல்ல, பழைய மீட்டர் கம்மியா காட்டுறது, திருட்டு இணைப்பு, தீயணைப்புக்கு எடுக்கிறது எல்லாம் சேந்தது, ஆனா பெரும் பங்கு ஒழுகல் தான்.

2024 பிப்ரவரி 1-ல இருந்து ஏத்தினது தீபகற்பத்துலயும் லாபுவான்லயும் வீட்டுத் தண்ணிக்கு சராசரியா ஒரு கன மீட்டருக்கு 22 காசு. சிலாங்கூர்ல மொத 20 கன மீட்டருக்கு 57 காசா இருந்தது 65 காசு ஆச்சு, அடுத்த 15-க்கு 1 வெள்ளி 3 காசுல இருந்து 1 வெள்ளி 32 காசு, 35-க்கு மேல போனா 2 வெள்ளியா இருந்தது 2 வெள்ளி 63 காசு. மாசம் 30 கன மீட்டர் எடுக்கிற வீட்டுக்கு முன்ன 21 வெள்ளி 70 காசு, அப்ப ஏத்தின பொறவு 26 வெள்ளி 20 காசு. நாலரை வெள்ளி கூடுதல். 20 கன மீட்டர்னா 20,000 லிட்டர், அத அப்ப ஏத்தின விலையில 13 வெள்ளிக்கு வீட்டு வாசலுக்கு கொண்டாந்து தந்தாங்க, அந்த விலையில நல்ல பைப்பு மாத்த முடியாதுன்னு 31 வருஷம் இதுல கெடந்தவனா சொல்றேன். ரொம்ப வருஷம் விலைய தொடாம வச்சிருந்தாங்க, ஓட்டு போயிடும்னு. அந்த வருஷம் எல்லாம் மிச்சமான காசு எங்கயும் சேரல, மாத்தாத பைப்பா மண்ணுக்குள்ள கெடக்குது, இப்ப ஒன்னு ஒன்னா வெடிக்குது.

அதனால ஏத்தினத நான் எதிர்க்கல. ஆனா ஏத்தின காசுல எந்த டவுன்ல எத்தன கிலோமீட்டர் பைப்பு மாத்தினாங்கன்னு கேக்க நமக்கு உரிம இருக்கு, அத கேக்காம விட்டா பெரிய டவுனு, தொழிற்பேட்டை இதுக்கு தான் மொத போகும், நம்ம மாதிரி தோட்டப்புற டவுனுக்கு கடைசியில மிஞ்சினது வரும். உங்களுக்கு இன்னொன்னு, சிலாங்கூர்ல வருமானம் கொறஞ்ச குடும்பத்துக்கு மாசம் 20 கன மீட்டர் இலவசம் தர்ற திட்டம் இருக்கு, தானா வராது, அப்ளை பண்ணணும். முன்ன எல்லாருக்கும் கெடச்சதால இன்னும் தானா கழிப்பாங்கன்னு நெறய பெரியவங்க நெனச்சிட்டு இருக்காங்க. ஐசி எடுத்துட்டு போய் கேளுங்க ஐயா, மகனயோ பேத்தியவோ கூட்டிட்டு போங்க.

கேள்வி: எங்க ரோட்டுல தோண்டினப்ப சாம்பல் கலர் பைப்பு, அஸ்பெஸ்தாஸ்னு சொன்னாங்க. இத்தன வருஷமா அதுல தான் குடிச்சோமா? கேன்சர் வருமா?

பதில்: பயப்படாதீங்க. அஸ்பெஸ்தாஸ் சிமெண்ட் பைப்பு 1950, 60, 70-கள்ல நாடு முழுக்க போட்டது, அப்ப மலிவு, துரு ஏறாது. தண்ணியோட உள்ள போற அஸ்பெஸ்தாஸ் கெடுதல் பண்ணுதுன்னு உறுதியான ஆதாரம் இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால தான் குடி தண்ணிக்கு அளவு எல்லையே அவங்க வைக்கல. மூச்சுல போறது தான் ஆபத்து. ஒடஞ்ச துண்ட வீட்டுக்கு கொண்டு வந்து பூச்செடிக்கு அண்டை குடுக்கிறது, கிரைண்டர் வச்சு அறுக்கிறது இத செய்யாதீங்க, புள்ளைங்கள கிட்ட விடாதீங்க. அந்த பைப்ப மாத்த வேண்டிய உண்மையான காரணம் வேற, வயசான பொறவு அது ஒடையும் தன்மைக்கு வந்துடும், மேல ஒரு செம்பனை லோரி ஏறினா போதும் விரிசல் விட்டுடும். நம்ம ரோட்டுல ஓடுற லோரிய நெனச்சு பாருங்க.

கேள்வி: அங்கிள், நான் காலேஜ் படிக்கிறேன். சுங்கை சிலாங்கூர் எங்க டவுன் பக்கத்துலயே ஓடுது, பெரிய பெரிய பைப்பு எங்க தோட்டத்து வழியா கோலாலம்பூருக்கு போகுது, எங்களுக்கு மட்டும் ஏன் தண்ணி கஷ்டம்? அந்த பைப்புல ஒரு கனெக்‌ஷன் குடுத்தா முடிஞ்சு போகுமே.

பதில்: தம்பி, உங்க வயசுல நானும் இதயே தான் கேட்டேன். கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணில பெரும் பங்கு அந்த ஆத்து தண்ணி தான், நம்ம மண்ணுல சுத்திகரிச்சு நம்ம வாசல் வழியா போகுது. அந்த பெரிய பைப்புல நேரா சின்ன இணைப்பு குடுக்க மாட்டாங்க, அழுத்தம் ரொம்ப அதிகம், ஒரு இணைப்புல கோளாறு வந்தா லட்சக்கணக்கான வீட்டுக்கு தண்ணிய நிறுத்தணும். அதுல இருந்து ஒரு கிளைய பிரிச்சு, வால்வு வச்சு, உள்ளூர் டேங்க்குக்கு ஏத்தி, அங்க இருந்து தான் வீட்டுக்கு இறக்க முடியும். செய்ய முடியாத வேலை இல்ல, செலவுள்ள வேலை. 2,000 வீட்டுக்காக செய்யிறதா 200,000 வீட்டுக்காக செய்யிறதான்னு கணக்கு போடும் போது நம்ம டவுன் எப்பவும் பின்னாடி போகுது. தலையெண்ணிக்க மட்டும் பாத்து முடிவு பண்றது சரி இல்லன்னு நான் வேலையில இருந்த காலத்துலயும் மீட்டிங்ல சொன்னேன், ஆத்தங்கரையில இருக்கிறவன் வாளியோட நிக்கிறது நியாயமில்லன்னு.

இன்னொன்னும் யோசிங்க. 2020 செப்டம்பர் 3, ஆத்துல ஏதோ ஒரு ரசாயன வாட வந்து சுங்கை சிலாங்கூர் கட்டம் 1, 2, 3, அப்புறம் ரந்தாவ் பாஞ்சாங் இந்த நாலு ஆலையையும் ஒரே நாள்ல மூடினாங்க, 12 லட்சம் பில்லு கணக்குக்கு தண்ணி இல்ல, கோல சிலாங்கூரும் அதுல மாட்டுச்சு. ஒரு ஆத்த மட்டும் நம்பினா வர்ற வினை இது. அதுக்கு தான் பெஸ்தாரி ஜெயா பக்கம், நம்ம பெரியவங்க பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொல்றாங்களே, அங்க பழைய ஈய லம்ப குட்டையில தண்ணிய சேத்து வச்சு ஆறு குறையும் போது எடுக்கிற ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நீங்க எஞ்சினியரிங் படிக்கிறீங்கன்னா ஒரு நாள் போய் பாருங்க. நம்ம தாத்தாங்க காலத்துல ஈயம் எடுத்த பள்ளம் இப்ப தண்ணி தருது.

கேள்வி: எங்க வரிசை 18 வீடும் ஆளுக்கு 500 வெள்ளி போட்டு நாங்களே பெரிய பைப்பு போட்டுக்கலாமான்னு பேசுறோம். இல்லன்னா மெயின்லயே மோட்டார் மாட்டி இழுத்துக்கலாமா? பக்கத்து வரிசையில மாட்டியிருக்காங்க.

பதில்: ரெண்டுமே வேண்டாம் அண்ணாச்சி. ரோட்டு பைப்பு கம்பெனி சொத்து, லைசன்ஸ் உள்ள குத்தகக்காரர் தவிர யாரும் தொடக்கூடாது, நீங்க போட்டாலும் மேல இருந்து வர்றது அதே பழைய பைப்பு தானே.

மோட்டார நேரா மெயின்ல மாட்டுறது சட்ட விரோதம், அத விட முக்கியமா அது ஆபத்து. நீங்க இழுக்கும் போது பைப்புல அழுத்தம் சுழியத்துக்கும் கீழ போகும், அப்ப விரிசல் வழியா வெளிய போக வேண்டிய தண்ணிக்கு பதிலா வெளிய கெடக்கிற கான் தண்ணி உள்ள வரும். உங்க வீட்டு குழந்த மட்டும் இல்ல, தெரு முழுக்க அத குடிக்கும். பக்கத்து வரிசைக்காரங்க கிட்ட பக்குவமா எடுத்து சொல்லுங்க. அந்த 500 வெள்ளிய கீழ ஒரு டேங்க் வைக்க செலவு பண்ணுங்க, மெயின் தண்ணி தானா அதுல ரொம்பட்டும், ராத்திரி அழுத்தம் நல்லா இருக்கும் போது நெறஞ்சிடும், அதுல இருந்து மோட்டார் வச்சு மாடிக்கு ஏத்துங்க. அது தப்பில்ல. டேங்க்குக்கு மூடி இருக்கணும், ஏடிஸ் கொசுவ மறந்துடாதீங்க.

கேள்வி: மண்ணுக்குள்ள ஒழுகுறத எப்படி கண்டுபுடிப்பாங்க? எங்க ரோட்டுல மூணு தடவ தோண்டினாங்க, மூணு தடவையும் காஞ்ச மண்ணு தான்.

பதில்: நல்ல கேள்வி, எனக்கு ரொம்ப புடிச்ச வேலையும் இது தான். ஒரு வட்டாரத்த 500-ல இருந்து 3,000 வீடு வரைக்கும் தனியா பிரிச்சு, உள்ள போற ஒரே வழியில மீட்டர் வைப்பாங்க. விடியகாலை ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் சனம் எல்லாம் தூங்கும், அப்பவும் மீட்டர் வேகமா ஓடுச்சுன்னா அது ஒழுகல். ராத்திரி யாரும் எடுக்காததால அழுத்தம் ஏறும், ஏறினா ஒழுகலும் கூடும், அதனால தான் ராத்திரியில மட்டும் அழுத்தத்த குறைக்கிற வால்வு வைக்கிறதும் ஒரு வைத்தியம். ஒரு நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஒழுகுற சின்ன ஓட்ட, ஒரு நாளைக்கு 7,200 லிட்டர், மாசத்துக்கு 216 கன மீட்டர், ஏழு வீட்டு தண்ணிக்கு மேல.

எந்த தெருன்னு தெரிஞ்ச பொறவு காத வைக்கணும். எங்க காலத்துல ஒரு இரும்பு கம்பி, மேல மரக் கொட்டாங்குச்சி மாதிரி ஒரு கிண்ணம். ஒரு தடவ மழை ஓஞ்ச ராத்திரி மூணு மணி, பழைய லயத்து பின்னால ஒரு வால்வு குழிக்குள்ள மண்டி போட்டு கம்பிய பைப்புல வச்சு காத ஒட்டினேன், தவள சத்தம் அடங்கின பொறவு கேட்டுச்சு, அடுப்புல பால் பொங்கறதுக்கு முன்னால வர்ற மாதிரி ஒரு சீறல். அடுத்த குழியில அதே சத்தம் கூடுச்சு, அதுக்கு அடுத்த குழியில குறஞ்சிடுச்சு, அப்ப ரெண்டுக்கும் நடுவுல தான். காலையில தோண்டினோம், ஒரு பால்மர வேரு பைப்பு மூட்ட சுத்தி இறுக்கி புடிச்சிட்டு இருந்துச்சு, வேரு முழுக்க சில்லுனு நனஞ்சு, மேல மண்ணு காஞ்சு தான் கெடந்துச்சு, தண்ணி கீழ இருந்த கல்லு வழியா கானுக்கு ஓடிட்டு இருந்துச்சு. எத்தன வருஷமா ஓடுச்சோ. உங்க ரோட்டுலயும் அப்படி தான் இருக்கும், நனஞ்ச இடத்துல ஓட்ட இருக்கும்னு இல்ல, தண்ணி எளிதான வழிய தேடி போகும். இப்ப ரெண்டு பக்கமும் கருவி வச்சு சத்தம் வந்து சேர்ற நேரத்த வச்சு கணக்கு போட்டு இடத்த சொல்லிடுறாங்க, அந்த கருவியோட வாங்கன்னு கேளுங்க, நாலாவது தடவ சும்மா தோண்ட விடாதீங்க.

அதுக்குள்ள உங்க வீட்டு பக்கத்த நீங்களே பாத்துடலாம். இன்னைக்கு ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி எல்லா பைப்பையும் மூடிட்டு, கக்கூஸ் டேங்க்கு ரொம்புறது நின்ன பொறவு, டார்ச் அடிச்சு மீட்டர்ல செவப்பு நம்பர் வரைக்கும் எழுதி வைங்க, காலையில யாரும் பைப்ப திறக்கிறதுக்கு முன்னாடி மறுபடி பாருங்க. நம்பர் நகரலன்னா ஒழுகல் மீட்டருக்கு வெளிய, கம்பெனிய கூப்பிடுங்க. நகர்ந்திருந்தா மொத கக்கூஸ் டேங்க்ல கொஞ்சம் நீலம் கலந்து விடுங்க, அரை மணி நேரத்துல கீழ கோப்பையில நீலம் எறங்குச்சுன்னா உள்ள இருக்கிற ரப்பர் போயிடுச்சு, ஹார்ட்வேர் கடையில சில வெள்ளிக்கு கெடைக்கும். நீலம் எறங்கலன்னா மண்ணுக்குள்ள போற உங்க பைப்பு, பிளம்பர கூப்பிடணும்.